ஏ அப்பாவுக்கும் பி அம்மாவுக்கும் ஓ குழந்தை பொறக்கும்

போன தை மாசம் ஒரு நாள் ராத்திரி 10 மணிக்கு மேல சித்தி பொண்ணு போன் பண்ணினா. அவளுக்கு குழந்தை பொறந்து அன்னைக்கு 11-வது நாள். எடுத்ததும் ஒண்ணும் பேசல, மூக்கை உறிஞ்சுற சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம் மெதுவா, "அக்கா, நீ ரத்த வங்கில தானே வேலை பாக்குற, ஒண்ணு கேக்கணும், எனக்கு பி பாசிட்டிவ், அவருக்கு ஏ பாசிட்டிவ், பாப்பாவுக்கு ஓ பாசிட்டிவ்னு டிஸ்சார்ஜ் பேப்பர்ல போட்டிருக்கு, அது எப்படிக்கா வரும்?"னு கேட்டா.

அவளுக்கு சந்தேகம் இல்ல, அவளுக்கு தெரியாதா. கேட்டது அவ மாமியார். அதுவும் குழந்தைய பாக்க வந்த சொந்தக்காரங்க நாலு பேர் உக்காந்திருக்கும்போது அந்தப் பேப்பரை கையில வச்சுக்கிட்டு, "வெத ஒண்ணு போட்டா சுரை ஒண்ணு முளைக்குமா"ன்னு பொதுவா சொல்ற மாதிரி சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டாங்களாம். மாப்பிள்ளை வாயே திறக்கல. அவளுக்கு மாமியார் சொன்னத விட இவரு பேசாம உக்காந்திருந்தது தான் தாங்கல.

நான் இந்த வேலைக்கு வந்து 17 வருஷம் ஆச்சு. இந்தக் கேள்வி எனக்கு புதுசே கிடையாது. ரத்தம் குடுக்க வர்றவங்க, ரிப்போர்ட் வாங்க வர்றவங்க, கவுன்டர்ல குனிஞ்சு மெதுவா கேப்பாங்க, "மேடம் எங்க ரெண்டு பேர் குரூப்பும் இல்லாம பையனுக்கு வேற வருதே". கேக்குறவங்கள பத்தி எனக்கு கவலை இல்ல, சொன்னா புரிஞ்சுக்குவாங்க. கேக்காம அந்தப் பேப்பரை மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு வீட்டுக்கு போறவங்கள நினைச்சா தான் பயமா இருக்கும். அன்னைக்கே நினைச்சேன், இதை ஒரு தடவை விலாவாரியா எழுதி வச்சிடணும்னு.

அவகிட்ட நான் சொன்னது, "வரும்டி, தாராளமா வரும். நீ அழாம தூங்கு. நாளன்னைக்கு எல்லாரையும் கூட்டிட்டு இங்க வா, அத்தையையும் கூட்டிட்டு வா. மாமா பைபாஸ் பண்ணின ஃபைல் இருந்தா அதையும் எடுத்துட்டு வரச் சொல்லு."

வந்தாங்க. மாமா, அதான் அவ மாமனாரோட ஃபைல் ஒரு மஞ்சப்பைக்குள்ள, பழைய இன்சூரன்ஸ் பேப்பரோட. அத்தை முகம் இறுகி இருந்துச்சு.

முதல்ல நான் பண்ணினது தங்கச்சி, மாப்பிள்ளை, பாப்பா மூணு பேருக்கும் திரும்ப குரூப்பிங். இது ரொம்ப முக்கியம், ரிப்போர்ட் ஒத்து வரலைன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது ரிப்போர்ட்டை தான், ஆளை இல்ல. பச்சக் குழந்தைக்கு ரத்த அணு மேல இருக்குற ஏ, பி அடையாளம் பெரியவங்க அளவுக்கு பலமா இருக்காது, அதனால பொறந்தப்ப போட்ட குரூப்பை பின்னாடி ஒரு தடவை உறுதிப்படுத்திக்கணும்னு சொல்லுவோம், நிறைய பேர் அதை செய்யிறதே இல்ல. குதிகால்ல லேசா குத்தி எடுத்தேன், பாப்பா ஒரு சிணுங்கு சிணுங்கிட்டு திரும்ப தூங்கிடுச்சு.

டைல்ல எப்படி பாப்போம்னு அவங்களுக்கு காட்டினேன். வெள்ளை டைல்ல மூணு குழி. ஒண்ணுல நீல மருந்து, அது ஆன்டி ஏ. இன்னொண்ணுல மஞ்சள், அது ஆன்டி பி. மூணாவதுக்கு கலர் கிடையாது, அது ஆன்டி டி, பாசிட்டிவ் நெகட்டிவ் பாக்குறதுக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு ரத்தம் விட்டு குச்சியால கலக்கி டைலை லேசா அப்படி இப்படி ஆட்டணும். ஏ குரூப்னா நீலத்துல இருக்குற ரத்தம் பால் திரிஞ்ச மாதிரி திரிதிரியா பிரியும், மஞ்சள்ல ஒண்ணும் ஆகாது. பி-னா மஞ்சள்ல திரியும். ஏபி-ன்னா ரெண்டுலயும். ஓ-ன்னா ரெண்டுலயும் எதுவும் ஆகாம வழவழன்னு அப்படியே கிடக்கும்.

மாப்பிள்ளைக்கு நீலம் திரிஞ்சுது. தங்கச்சிக்கு மஞ்சள். பாப்பாவுக்கு ரெண்டும் திரியல. அப்போ ஓ தான், முதல் ரிப்போர்ட் சரி தான். அத்தை என்னைய ஒரு பார்வை பாத்தாங்க.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சா பாதி புரிஞ்ச மாதிரி. ஓ-ங்கிறது ஏ, பி மாதிரி மூணாவதா ஒரு பொருள் இல்ல. ஏ-யும் இல்ல பி-யும் இல்லைங்கிறது தான் ஓ. நாங்க டைல்ல ஓ-வை பாக்குறதே இல்ல, ரெண்டும் இல்லாததை தான் பாக்குறோம். 1901-ல வியன்னாவுல லாண்ட்ஸ்டைனர்ங்கிற டாக்டர் இந்த குரூப்பெல்லாம் கண்டுபிடிச்சப்ப (1930-ல இதுக்கு தான் நோபல் குடுத்தாங்க) அதை ஏ, பி, சி-ன்னு தான் எழுதினாரு, அந்த சி தான் பின்னாடி ஓ-ன்னு ஆச்சு.

சரி, இது எப்படி பிள்ளைக்கு போகுது. நம்ம உடம்புல ஒரு செல்லுக்குள்ள 46 குரோமோசோம் இருக்கு, 23 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. குரோமோசோம்ங்கிறது நீளமான நூல், அதுல வரிசையா எழுதி வச்சிருக்குற குறிப்பு ஒவ்வொண்ணும் ஒரு ஜீன், மரபணு. மனுஷனுக்கு சுமார் 20 ஆயிரம் இருக்கு. இந்த ஏ பி ஓ விஷயத்தை முடிவு பண்ற ஜீன் 9-வது குரோமோசோம்ல இருக்கு. குரோமோசோம் ஜோடியா இருக்குறதால இந்த ஜீனும் எல்லாருக்கும் ரெண்டு பிரதி. அந்த ஜீன் ஊர்ல மூணு விதமா நடமாடுது, ஏ, பி, ஓ. ஒரே ஜீனோட இந்த வெவ்வேற ரூபத்துக்கு தான் அல்லீல்னு பேரு. ஒருத்தர்கிட்ட மூணுல ரெண்டு தான் இருக்க முடியும், பாக்கெட்டே ரெண்டு தான். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ஹோமோசைகஸ், வேற வேறயா இருந்தா ஹெட்டிரோசைகஸ்.

இப்ப மாப்பிள்ளைய எடுத்துக்கோங்க. டைல்ல ஏ-ன்னு வருது. ஆனா உள்ள அவர்கிட்ட ஏ-வும் ஏ-வும் இருக்கலாம், ஏ-வும் ஓ-வும் இருக்கலாம். ரெண்டுக்கும் டைல்ல ஒரே மாதிரி தான் திரியும். வெளிய தெரியுறது பினோடைப், உள்ள உண்மையில இருக்குறது ஜீனோடைப். நாங்க ரிப்போர்ட்ல எழுதிக் குடுக்குறது பினோடைப் மட்டும் தான். அந்த ஒத்தை எழுத்தை பாத்துட்டு மொத்தமும் தெரிஞ்சிடுச்சுன்னு நினைக்கிறதுல தான் இவ்வளவு பிரச்சனையும் வருது.

இதை முதல்ல பிடிச்சது மெண்டல்ங்கிற பாதிரியார். அவரு காலம் வரைக்கும் பெரிய பெரிய ஆளுங்களே அப்பா குணமும் அம்மா குணமும் இட்லி மாவு மாதிரி கலந்துடும்னு தான் நினைச்சாங்க. அரைச்ச மாவுல இருந்து அரிசிய தனியா உளுந்த தனியா எடுக்க முடியுமா? முடியாது. மெண்டல் காட்டினது, இது அரைக்கிறதே இல்ல, அரிசியும் உளுந்தும் ஒரே பாத்திரத்துல கிடக்குற மாதிரி தான், அடுத்த தலைமுறையில உளுந்து உளுந்தாவே முழுசா வெளிய வரும். புருனோங்கிற ஊர்ல மடத்து தோட்டத்துல 1856-ல ஆரம்பிச்சு ஏழெட்டு வருஷம் பட்டாணிச் செடிய வச்சு பண்ணினாரு. உருண்டை விதையையும் சுருங்கின விதையையும் சேத்தா முதல் தலைமுறை எல்லாம் உருண்டை. சுருக்கம் காணாமலே போயிடுச்சுன்னு நினைச்சா அடுத்த தலைமுறையில 5474 உருண்டை, 1850 சுருக்கம். எண்ணியிருக்காரு மனுஷன், ஒவ்வொரு விதையா! மூணுக்கு ஒண்ணு கணக்கு. ஒரு தலைமுறை முழுக்க கண்ணுக்கே தெரியாம இருந்துட்டு அப்படியே கெடாம திரும்ப வந்திருக்கு. 1866-ல எழுதி வெளிய வந்துச்சு, 1900 வரைக்கும் யாரும் பெருசா கண்டுக்கல, அவரு 1884-லயே போயிட்டாரு. அதை நினைச்சா எனக்கு இப்பவும் மனசு கஷ்டமா இருக்கும்.

இதுல முன்னாடி நிக்கிறது டாமினன்ட், தமிழ்ல ஓங்கு பண்பு. மறைஞ்சு இருக்குறது ரிசசிவ், ஒடுங்கு பண்பு. ஏ-யும் ஓ-வும் இருந்தா ஏ தெரியும், பி-யும் ஓ-வும் இருந்தா பி தெரியும், ஓ ஒடுங்கிடும். ஏ-யும் பி-யும் சேந்தா ரெண்டுமே தெரியும், ஒண்ணை ஒண்ணு மறைக்காது, அதுக்கு இணை ஓங்குத்தன்மைன்னு பேரு, அது தான் ஏபி குரூப். பேரை வச்சு டாமினன்ட்னா பலசாலி, ஊர்ல அது தான் அதிகமா இருக்கும்னு நினைச்சுக்காதீங்க. தமிழ்நாட்டுல அதிகம் பேருக்கு இருக்குறது ஓ தான், அடுத்தது பி.

ஏன் ஓ ஒடுங்குதுன்னு தெரிஞ்சா இன்னும் அழகு. ஏ ஜீன் ஒரு என்சைம், அதாவது ஒரு வேலைய நடத்திக் குடுக்குற புரதம் செய்யும், அது ரத்த சிவப்பணு மேல ஒரு வகை சர்க்கரைய கொண்டு போய் ஒட்டும். பி ஜீன் செய்யிற என்சைம் வேற சர்க்கரைய ஒட்டும். ரெண்டு என்சைமுக்கும் நடுவுல நாலே நாலு அமினோ அமிலம் (புரதத்தை கட்டுற செங்கல் மாதிரி) தான் வித்தியாசம். ஓ ஜீன்ல, நம்ம ஊர்ல அதிகமா இருக்குற வகையில, ஒரே ஒரு எழுத்து விட்டுப் போயிருக்கு. ஜீனை செல் மூணு மூணு எழுத்தா தான் படிக்கும். "அவன் மகள் படம்"னு எழுதியிருக்குன்னு வைங்க, மூணு மூணு எழுத்து. அதுல 'வ' விழுந்துடுச்சுன்னா அப்புறமும் மூணு மூணா படிச்சா "அன்ம கள்ப டம்". அங்க இருந்து கடைசி வரைக்கும் எல்லாமே குளறுபடி. என்சைம் உருப்படியா வராது, சர்க்கரை ஒட்டாது, டைல்ல ஒண்ணும் திரியாது. ஆனா இன்னொரு பிரதி நல்லா இருக்குற ஏ-வா இருந்தா அது ஒண்ணே போதும், எல்லா அணு மேலயும் ஏ சர்க்கரைய ஒட்டிடும். அதனால தான் ஏ-வும் ஓ-வும் இருக்குறவங்க ஏ-ன்னு தெரியுறாங்க. ஓ-வால உடம்புக்கு ஒரு குறையும் இல்ல, கோடிக்கணக்கான பேர் நல்லா தான் இருக்காங்க, நானே ஓ தான்.

அத்தைக்கு இவ்வளவும் சொல்லல. ஒரு பேப்பர் எடுத்து கட்டம் போட்டேன். மேல மாப்பிள்ளை ஏ, ஓ. பக்கத்துல தங்கச்சி பி, ஓ. அப்பா ஒண்ணு தான் குடுப்பாரு, அம்மா ஒண்ணு தான் குடுப்பா, எது போகும்னு யாரும் சொல்ல முடியாது. நாலு கட்டம் வரும்: ஏபி, ஏ, பி, ஓ. நாலும் 25 சதவீதம். இந்த ஒரு ஜோடிக்கு நாலு குரூப்ல எது வேணும்னாலும் பொறக்கலாம். அதுக்காக நாலு பிள்ளை பெத்தா நாலும் ஒவ்வொண்ணா வரும்னு அர்த்தம் இல்ல, ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டு புதுசா தான் குலுக்கணும்.

"அது சரி, எம் மகன்கிட்ட ஓ இருக்குன்னு நீ எப்படி சொல்ற? நீயா எழுதிக்கிட்டா ஆச்சா?"ன்னு அத்தை கேட்டாங்க. நியாயமான கேள்வி, எனக்கு அந்தக் கேள்வி பிடிச்சிருந்துச்சு. மஞ்சப்பைய வாங்கி ஃபைலை திறந்தேன். மாமாவுக்கு பைபாஸ் பண்ணினப்ப போட்ட டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் பக்கத்துலயே, ரத்த வகை: ஓ பாசிட்டிவ்.

மாமா ஓ-ன்னா அவர்கிட்ட ரெண்டும் ஓ. பிள்ளைக்கு குடுக்க அவர்கிட்ட வேற எதுவும் கிடையாது. மாப்பிள்ளைக்கு அப்பாகிட்ட இருந்து வந்தது ஓ தான், அதுல சந்தேகத்துக்கே இடம் இல்ல. தங்கச்சி பக்கம் அவ தம்பி ஓ குரூப், சித்தி சித்தப்பா ரெண்டு பேரும் பி. அப்போ சித்தி சித்தப்பா ரெண்டு பேர்கிட்டயும் ஒவ்வொரு ஓ மறைஞ்சு இருக்கு. குழந்தைய பாக்குறதுக்கு முன்னாடியே தங்கச்சிகிட்ட ஓ இருக்க மூணுல ரெண்டு பங்கு வாய்ப்பு இருந்துச்சு. குழந்தையே ஓ-வா வந்ததும் அதுவும் உறுதி ஆயிடுச்சு.

இதுல ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். குரூப்பை வச்சு 'இவர் அப்பாவா இருக்க முடியாது'ன்னு சில நேரம் சொல்லலாம், 'இவர் தான் அப்பா'ன்னு ஒரு நாளும் சொல்ல முடியாது. 1940-கள்ல சார்லி சாப்ளின் மேல ஒரு வழக்கு வந்துச்சு, தன் குழந்தைக்கு அவர் தான் அப்பான்னு ஒரு நடிகை போட்டது. அம்மா ஏ, குழந்தை பி, சாப்ளின் ஓ. குழந்தையோட பி அம்மாகிட்ட இருந்து வரல, சாப்ளின்கிட்டயும் பி இல்ல, அப்போ அவரா இருக்க முடியாது. டாக்டருங்க சொன்னாங்க, ஆனா 1945-ல ஜூரி அதையும் தள்ளிட்டு அவர் தான் அப்பான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அங்க விஞ்ஞானம் சொன்னதை கேக்கல, நம்ம வீடுகள்ல விஞ்ஞானம் சொல்லாததை பொண்ணுங்க மேல போடுறாங்க.

'முடியாது'ங்கிறதுக்கும் விதிவிலக்கு இருக்கு. பாம்பே குரூப் கேள்விப்பட்டிருப்பீங்க, 1952-ல பம்பாய்ல டாக்டர் பெண்டே குழு கண்டுபிடிச்சது. ஏ, பி சர்க்கரை ஒட்டணும்னா சிவப்பணு மேல ஹெச்-னு ஒரு அடிமானம் இருக்கணும், அதுக்கு 19-வது குரோமோசோம்ல வேற ஜீன். அந்த ஜீனோட ரெண்டு பிரதியும் வேலை செய்யலைன்னா அடிமானமே இல்ல. சுவர் இருந்தா தானே சித்திரம். அவங்ககிட்ட பி ஜீன் நல்லபடியா இருந்தாலும் டைல்ல ஓ மாதிரி தான் தெரியும், ஆனா அந்த பி பிள்ளைக்கு போகும், பிள்ளைக்கு நல்ல ஹெச் இன்னொருத்தர்கிட்ட இருந்து கிடைச்சா பி பளிச்சுனு தெரியும். 'ஓ' அம்மாவுக்கு ஏபி குழந்தை கூட பொறக்கலாம். இது தெரியாம எத்தனை வீடு உடைஞ்சுதோ. (இவங்களுக்கு சாதாரண ஓ ரத்தமும் ஏத்தக் கூடாது, பாம்பே குரூப் ரத்தம் தான் ஏத்தணும், அதனால வீட்ல யாருக்காவது இது இருந்தா கூடப் பொறந்தவங்க எல்லாரும் டெஸ்ட் பண்ணி வச்சுக்கோங்க.)

பாசிட்டிவ் நெகட்டிவ்வும் இதே கதை தான். நெகட்டிவ் ஒடுங்கு பண்பு, அப்பா அம்மா ரெண்டு பேரும் பாசிட்டிவ்வா இருந்து குழந்தை நெகட்டிவ்வா பொறக்கலாம்.

ரத்த குரூப்ல மறைஞ்சிருக்குறதால கெடுதல் இல்ல, ஆனா வேற ஜீன்கள்ல இதே மறைவு உயிர் விஷயம். தலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோய் அப்படித்தான். ஒரு பிரதி மட்டும் கெட்டிருந்தா மைனர், கேரியர்னு சொல்லுவோம், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, லேசா ரத்தம் கம்மியா இருக்கும் அவ்வளவு தான். ரெண்டு கேரியர் கல்யாணம் பண்ணினா ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் 25 சதவீதம் வாய்ப்பு குழந்தைக்கு மேஜர் வர்றதுக்கு, மாசா மாசம் ரத்தம் ஏத்தணும். முதல் குழந்தைக்கு வந்துடுச்சு இனி மூணு குழந்தைக்கு வராதுன்னு ஒரு அப்பா என்கிட்டயே சொல்லியிருக்காரு, எனக்கு பதில் சொல்ல நாக்கு எழும்பல. சொந்தத்துல கல்யாணம் வேண்டாம்னு டாக்டருங்க சொல்றதும் இதுக்குத் தான். ஒரு தாத்தாகிட்ட மறைஞ்சிருந்த ஒரு கெட்ட பிரதி ரெண்டு வழியாவும் இறங்கி வந்து ஒரே குழந்தைகிட்ட சேந்துடலாம். தாய்மாமனை கட்டினா, ஏதாவது ஒரு ஜீனை எடுத்துக்கிட்டா, அதோட ரெண்டு பிரதியும் ஒரே மூதாதைகிட்ட இருந்து வந்த ஒரே பிரதியா இருக்க 8-ல 1 வாய்ப்பு, அத்தை பையன் மாமா பொண்ணுன்னா 16-ல 1. கல்யாணத்துக்கு முன்னாடி ஹீமோகுளோபின் ஏ2 பாக்குற டெஸ்ட் ஒண்ணு எடுத்தா கேரியரான்னு பெரும்பாலும் தெரிஞ்சிடும். ஜாதகம் பாக்குற வீட்ல இதையும் பாருங்கன்னு கெஞ்சி கேக்குறேன்.

இன்னொண்ணு. நம்ம 'என் ரத்தம்', 'ரத்த சொந்தம்'னு சொல்றோம்ல, அந்த சிவப்பணுவுக்குள்ள ஜீனே கிடையாது. முதிரும்போது உள்கருவ வெளிய தள்ளிட்டு தான் ரத்தத்துல சுத்த வருது, ஆக்சிஜன் தூக்க இடம் வேணுமே. ரத்தத்துல இருந்து டிஎன்ஏ எடுக்குறோம்னா அது வெள்ளையணுவுல இருந்து. வயித்துல இருக்கும்போதும் அம்மா ரத்தமும் பிள்ளை ரத்தமும் தனித்தனியா தான் ஓடுது, பி அம்மா வயித்துல ஓ பாப்பா சமத்தா 10 மாசம் இருந்துச்சு.

அத்தை கட்டம் போட்ட பேப்பரையும் சம்மரியையும் மாத்தி மாத்தி பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் கேட்டேன், "அத்தை, உங்க குரூப் என்ன?" தெரியாதாம். நாலு பிள்ளையும் கிராமத்துல வீட்லயே பொறந்தது, யாரும் இதுவரைக்கும் பாத்ததே இல்லையாம்.

"சரி, நான் குத்துறதுக்கு முன்னாடியே சொல்றேன். உங்க மகனுக்கு ஏ இருக்கு. மாமாகிட்ட ஏ இல்ல. அப்போ அது உங்ககிட்ட இருந்து தான் வந்திருக்கணும். உங்களுக்கு நீலம் திரியும். திரியலைன்னா நான் சொன்னது எல்லாம் தப்பு."

அதையும் அந்த பேப்பர்லயே எழுதி மாப்பிள்ளை கையில குடுத்துட்டு அத்தை விரலைப் பிடிச்சேன். காய்ப்பு காய்ச்ச விரல், ரெண்டாவது தடவை குத்தினப்ப தான் ரத்தம் வந்துச்சு. மூணு சொட்டு. கலக்கி டைலை அவங்க கையிலயே குடுத்து ஆட்டச் சொன்னேன். மெதுவா இடமும் வலமும் ஆட்டினாங்க. பத்து எண்ணுறதுக்குள்ள நீலத்துல மணல் மாதிரி புள்ளி விழ ஆரம்பிச்சு அப்படியே திரிதிரியா பிரிஞ்சுது. மஞ்சள் அப்படியே இருந்துச்சு.

கொஞ்ச நேரம் யாரும் பேசல. அத்தை டைலை கீழ வச்சுட்டு மாமாவோட சம்மரிய எடுத்து அந்த ஓ மேல விரலை வச்சு, "அப்போ இது அவரோடது"ன்னாங்க. அப்புறம் தங்கச்சி பக்கம் திரும்பி, "பிள்ளைய இங்க குடு"ன்னு கைய நீட்டினாங்க. அவ உடனே குடுக்கல. மாப்பிள்ளைய பாத்தா. அவரு எந்திரிச்சு வந்து அவ பக்கத்துல நின்னுக்கிட்டு, "அம்மா, முதல்ல அவகிட்ட பேசுங்க"ன்னாரு.